மைனாவுக்கு வழுக்கை! காக்கைக்கு நரை!

மைனாவுக்குத் தலை கறுப்பு. கண்ணைச் சுற்றி மஞ்சள். மூக்கும் காலும் மஞ்சள். உடம்பு, வறுத்த காப்பிக்கொட்டை நிறம். இது சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

ஆனால் சில மைனாக்களுக்குத் தலையில் ஓர் இறகுகூட இருப்பதில்லை. கறுப்புத் தொப்பியைக் கழற்றி வைத்தது போல மஞ்சள் தோல் பளிச்சென்று தெரியும். காதுத் துளைகூடக் கண்ணில் படும். பிணந்தின்னிக் கழுகுக்குத் தம்பி பிறந்தால் இப்படித்தான் இருக்கும்!

புதுவையில் ஒரு வீட்டு மதில்மேல் இப்படி ஒரு மொட்டை மைனா வந்து உட்கார்ந்தால் என்ன நடக்கிறது?

"காலங்கார்த்தாலே மொட்டைத் தலையோடு வந்து நிற்குதே, என்ன கேடு வருமோ!" என்கிறார் பாட்டி. "நோய்க்கோழி மாதிரி இருக்குது, கிட்டப் போகாதே" என்கிறார் அம்மா. பையன் கல்லைத் தேடுகிறான். அப்பா கைபேசியில் படம் பிடித்துப் பத்துப் பேருக்கு அனுப்பி, "அதிசயப் பறவை" என்று எழுதுகிறார்.

நால்வரில் ஒருவர்கூட அதைச் சும்மா விடவில்லை. சும்மா விடுவதுதான் அதற்குச் செய்யக்கூடிய பெரிய உதவி!

புதுவையின் பறவை

மற்ற ஊரார் மைனாவைக் கல்லால் அடித்தால்கூட ஒருவேளை மன்னிக்கலாம். புதுவைக்காரர் அடிக்கக் கூடாது. ஏனென்றால், உலகத்து விஞ்ஞான நூல்களில் மைனாவுக்குச் சொந்த ஊர் என்று எழுதப்பட்டிருப்பது புதுச்சேரிதான்.

இது எப்படி வந்தது? பிரிஸ்ஸோன் என்ற பிரெஞ்சு அறிஞர் 1760-ம் ஆண்டு ஒரு மைனாவைப் பற்றி எழுதினார். அது பிலிப்பைன்ஸ் தீவிலிருந்து வந்தது என்று தவறாக நினைத்துவிட்டார். அந்தத் தீவுகள் மைனாவின் தாயகமே அல்ல. 1766-ல் சுவீடன் நாட்டு லின்னேயஸ், பிரிஸ்ஸோன் எழுதியதை வைத்து மைனாவுக்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார். பெயர் வந்தது; ஊர் தவறாகவே இருந்தது. சுமார் ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1912-ல், ஸ்ட்ரேஸ்மான் என்ற ஜெர்மன் அறிஞர் அந்தப் பிழையைத் திருத்தினார். "மைனாவின் ஊர் புதுச்சேரி" என்று வைத்தார். இன்றும் அப்படியே இருக்கிறது.

லின்னேயஸ் வைத்த பெயர் "டிரிஸ்டிஸ்". லத்தீனில் அதற்குச் "சோகமானது" என்று பொருள். மைனாவின் சண்டையையும் சத்தத்தையும் நேரில் கண்டிருந்தால் அந்தப் பெயரை வைத்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

மைனா மட்டுமல்ல. கௌதாரியின் விஞ்ஞானப் பெயரிலும் புதுச்சேரி இருக்கிறது: "பாண்டிசேரியானஸ்"! புதுவையில் தங்கிப் பறவைகளையும் செடிகளையும் பார்த்து எழுதிய பியேர் சோனரா என்ற பிரெஞ்சுக்காரர், 1782-ல் தம் பயண நூலை வெளியிட்டார். அவர் எழுதியதைப் பார்த்து ஐரோப்பிய அறிஞர்கள் பல பறவைகளுக்குப் பெயர் வைத்தார்கள். பிரெஞ்சுக்காரர் 1954-ல் ஆட்சியை விட்டுப் போனார்கள். பெயர்கள் போகவில்லை.

தலை ஏன் மொட்டையானது?

இறகு என்பது நகம் போன்றது. முளைக்கும்போது அதில் ரத்தம் ஓடும். முழுதாக வளர்ந்த பிறகு அது உயிரற்ற பொருள். வெயிலில் வெளிறும். கிளையில் உரசித் தேயும். தேய்ந்த இறகைப் பறவையால் சரிசெய்ய முடியாது. ஆகவே பழையதை உதிர்த்துவிட்டுப் புதியதை முளைக்க வைக்கிறது. குஞ்சு பொரித்து வளர்த்து முடிந்த பிறகு, ஆண்டுக்கு ஒரு முறை, பெரும்பாலான பறவைகளுக்கு இது நடக்கிறது.

மயில் ஆண்டுதோறும் தோகையை உதிர்க்கிறது என்பது ஊரறிந்த செய்தி. அதைப் பொறுக்கி எடுத்து வீட்டில் செருகி வைக்கிறார்கள். அதையே மைனா செய்தால் அபசகுனம் என்கிறார்கள். இது என்ன நியாயம்?

எல்லா இறகையும் ஒரே நாளில் உதிர்த்தால் பறவை பறக்க முடியாமல் பூனைக்கு இரையாகிவிடும். அதனால் இறக்கையில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று கணக்காக உதிர்க்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவாகக் குறைவதால் சாய்ந்து விழாமல் பறக்கிறது. தலை இறகுக்கு இந்தக் கணக்குத் தேவையில்லை. அது போனாலும் பறக்கலாம். சில பறவைகளுக்குத் தலை இறகு மொத்தமாக உதிர்ந்துவிடுகிறது. அமெரிக்காவில் நீல நிறக் கத்திப் பறவை ஒன்று உண்டு. "புளூ ஜே" என்பார்கள். அதற்கும் இப்படி மொட்டை விழும். அங்கேயும் ஜனங்கள் பயப்படுகிறார்கள்!

இன்னொரு காரணம் செள்ளும் பேனும். பறவை தன் உடம்பெல்லாம் மூக்கால் கோதிப் பூச்சியை எடுத்துவிடும். தன் தலையைத் தானே கோத முடியுமா? முடியாது. காலால் சொறியலாம், அவ்வளவுதான். தலையைக் கோதிவிட ஜோடி வேண்டும். ஆணும் பெண்ணுமாக உட்கார்ந்து ஒன்றன் தலையை மற்றொன்று கோதுவதைக் கம்பிமேல் பார்க்கலாம். கொஞ்சல் என்று நினைப்பார்கள். கொஞ்சலும் உண்டு, பேன் பார்ப்பதும் உண்டு. ஆக, செள் தங்கிப் பெருகத் தலைதான் வசதியான இடம்.

எந்தக் காரணமானாலும் முடிவு ஒன்றே. இரை தேடிக்கொண்டு, சண்டை போட்டுக்கொண்டு, விரட்டினால் சட்டென்று பறந்துபோகிற மைனாவுக்கு மருத்துவம் தேவையில்லை. இறகு தானாக முளைக்கும்.

சில நல்ல மனம் படைத்தவர்கள் அதைப் பிடித்து மஞ்சளும் எண்ணெயும் குழைத்துத் தடவுகிறார்கள். அது உதவி அல்ல, உபத்திரவம். இறகுகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுப் பின்னிக்கொண்டிருப்பதால்தான் மழைநீர் உள்ளே இறங்குவதில்லை. அந்தப் பின்னலில் வீட்டு எண்ணெய் பட்டால் இறகு ஒட்டிக்கொள்ளும். பறவைக்குக் குளிர் தாங்காது, பறக்கவும் வராது. மைனாவுக்கு வேண்டிய எண்ணெய் அதன் வாலடியில் ஒரு சுரப்பியில் தானே ஊறுகிறது. மனிதர் செய்யக்கூடியது, நிழலில் ஒரு மண்சட்டி நிறையத் தண்ணீர் வைப்பதுதான். குடிக்கும், குளிக்கும். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும்.

பட்டப்பகலில் தரையில் உடம்பை உப்பிக்கொண்டு, ஆள் வந்தாலும் நகராமல் கிடந்தால் அது வேறு விஷயம். அதுதான் நோய். அதை வெறுங்கையால் தொடக் கூடாது. கால்நடை மருத்துவரிடமோ வனத்துறையிடமோ சொல்ல வேண்டும்.

வெள்ளைக் காக்கை

"வெள்ளைக் காக்கா பறக்குது" என்றால் தமிழ்நாட்டில் பெரிய பொய் என்று அர்த்தம். பாவம், அந்தக் காக்கை! அது உண்மையிலேயே பறக்கிறது.

தமிழ்ச் செய்தித்தாள்களில் "அதிசய வெள்ளைக் காக்கை, மக்கள் திரண்டனர்" என்ற செய்தி அவ்வப்போது வருகிறது. மக்கள் திரண்டால் காக்கை என்ன செய்யும்? ஓடும். மற்ற காக்கைகள் ஏற்கெனவே அதைக் கொத்துகின்றன. பருந்துக்கும் பூனைக்கும் அது தூரத்திலேயே தெரிந்துவிடுகிறது. போதாக்குறைக்கு மனிதரும் வலையோடு வருகிறார்கள். "அதிசயம்" என்று தலைப்புப் போடும் பத்திரிகைகளுக்கும் இதில் பங்கு உண்டு.

காக்கை ஏன் கறுப்பு? மெலனின் என்ற சாயப்பொருள் இறகில் இருப்பதால். மனிதரின் தலைமயிர் கறுப்பாக இருப்பதும் அதே மெலனினால்தான். பிறவியிலேயே மெலனின் அறவே இல்லாத பறவை முழு வெள்ளையாக இருக்கும், கண் சிவந்திருக்கும். கண்ணில்கூடச் சாயம் இல்லாததால் ரத்த நிறம் தெரிகிறது. அதற்கு வெளிச்சம் கூசும், பார்வை மட்டம். இப்படிப் பிறந்தவை பெரும்பாலும் சீக்கிரம் செத்துவிடுகின்றன.

வேறு சில, கண் கறுப்பாகவும் உடம்பு வெள்ளையாகவும் பிறக்கின்றன. இவற்றுக்குப் பார்வை நன்றாக இருக்கும். உடம்பில் அங்கங்கே திட்டுத் திட்டாக வெள்ளை உள்ளவையும் உண்டு.

மூன்றாவது வகைதான் வேடிக்கை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பறவைத் தொகுப்பைப் பார்த்துக்கொள்ளும் ஹைன் வான் குரூவ் என்பவர், பறவைகளின் நிறக்குறைகளை ஆராய்ந்து வகை பிரித்தவர். வெள்ளை இறகோடு காணப்படும் காக்கை குருவிகள் பலவற்றுக்குப் பிறவிக் குறையே இல்லை, நரைதான் என்கிறார்! பிறக்கும்போது சாதாரண நிறம். பிறகு ஒவ்வொரு முறை இறகு உதிர்த்து முளைக்கும்போதும் வெள்ளை கூடிக்கொண்டே போகும். மனிதருக்கு நரை விழுந்தால் அபசகுனம் என்று யாரும் கல்லெறிவதில்லை. காக்கைக்கு விழுந்தால் எறிகிறார்கள்.

நகரத்துக் காக்கையின் இறக்கையில் வெள்ளைக் கோடு விழுவதற்குத் தீனியும் ஒரு காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். குஞ்சாக இருக்கும்போது சத்தான இரை கிடைக்காமல், மனிதர் கொட்டும் எச்சிலையிலேயே வளர்ந்தால் இறகில் சாயம் சரியாக ஏறாது. அமாவாசைக்கு அமாவாசை காக்கைக்குச் சோறு வைப்பது நல்ல பழக்கம். மற்ற நாளில் தெருக்கோடிக் குப்பை எப்படி இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டாமா?

வெள்ளை இறகுக்கு இன்னொரு கஷ்டம். மெலனின் வெறும் சாயமல்ல. இறகுக்கு உரமும் அதுதான். சாயமில்லாத இறகு சீக்கிரம் தேய்ந்து உடையும். பல கடற்காகங்களுக்கு உடம்பெல்லாம் வெள்ளையாக இருந்தும் இறக்கையின் நுனி மட்டும் கறுப்பு. காற்றில் அதிகம் அடிபடும் இடம் அதுதான்! கொக்குக்கு இந்த வசதி இல்லை, அது எப்படியோ சமாளிக்கிறது.

இதற்கு நடுவே, குறையே இல்லாத பறவைகளையும் குறையுள்ளதாக நினைப்பவர் உண்டு. உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியோடு மரத்தில் ஒரு பறவை இருந்தால், "என்னவோ நோய் பிடித்த காக்கை" என்கிறார்கள். அது பெண் குயில். ஆண் குயில்தான் கறுப்பு, கூவுவதும் அதுதான். பாரதியார் 1908 முதல் 1918 வரை வாழ்ந்த ஊர் புதுவை. "குயில் பாட்டு" பிறந்ததும் இங்கேதான். இந்த ஊரில் பெண் குயிலை அடையாளம் தெரியாதவர்கள் இத்தனை பேர் என்பது ஆச்சரியம்தான்.

பிடுங்கினால் முளைக்கும், வெட்டினால்?

வாலில்லாத மைனாவும் புறாவும் தோட்டத்துக்கு வரும். பூனை பாய்ந்து வாலைக் கவ்வினால் பறவை இறகை விட்டுவிட்டுத் தப்பிவிடும். பல்லி வாலை விட்டு ஓடுவது போலத்தான். பூனை வாயில் நாலு இறகு மிஞ்சும். பறவைக்கு உயிர் மிஞ்சும். சில வாரங்களில் வால் மறுபடி முளைத்துவிடும்.

ஆனால் இறகைப் பிடுங்காமல் பாதியில் கத்தரித்தால் முளைப்பதில்லை. ஏன்?

வேரோடு விழுந்தால்தான் அந்தக் குழியில் புது இறகு கிளம்பும். வெட்டினால் அடிக்கட்டை உள்ளேயே இருக்கிறது. இடம் காலியாகவில்லை. உடம்பைப் பொறுத்த வரையில் இறகு இன்னும் இருக்கிறது! அடுத்த உதிர்ப்புக் காலத்தில் அந்தக் கட்டை விழுந்தால்தான் புதியது வரும். அதற்கு ஓர் ஆண்டுகூட ஆகலாம்.

வழுக்கையும் நரையும் இயற்கை கொடுத்தவை. பூனை பிடுங்கிய வால் முளைத்துவிடும். மாதக்கணக்கில் பறவையை முடமாக்கி வைப்பது கத்தரிக்கோல் ஒன்றுதான். கத்தரிக்கோல் பிடிப்பது மனிதர் கை.

இறகின்மேல் மனிதர் கண் வைத்தது பழைய கதை. ஐரோப்பியச் சீமாட்டிகளின் தொப்பிக்காகக் கொக்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். இந்தியாவிலிருந்து இறகு ஏற்றுமதியாவதை 1902-ல் அன்றைய சர்க்கார் தடுத்தது. முன்னே சொன்ன சோனராவின் பெயரைத் தாங்கிய ஒரு காட்டுக்கோழி தென்னாட்டு மலைகளில் இருக்கிறது. அதன் கழுத்து இறகை, தூண்டிலில் பூச்சி போலக் கட்டி மீன் பிடிக்க மேல்நாட்டார் வாங்கிக் குவித்தார்கள். சின்னஞ்சிறு தினைக்குருவிகளைப் பிடித்துப் பச்சை, மஞ்சள் சாயம் தோய்த்து, அபூர்வக் குருவி என்று விற்கிற மோசடியும் இந்தியச் சந்தைகளில் நடந்திருக்கிறது. வீட்டுக்குப் போய் இறகு உதிர்ந்தால் சாயம் வெளுத்துவிடும். அதற்குள் குருவி உயிரோடு இருந்தால்!

இப்போது தெருவில் நடப்பது பச்சைக்கிளி வியாபாரம். மரப்பொந்திலிருந்து குஞ்சாக எடுக்கிறார்கள். பறந்துபோகாமலிருக்க இறக்கையை வெட்டுகிறார்கள். புது இறகு முளைத்தால் மறுபடி வெட்டு. வாங்குகிறவர், "கிளி எங்களை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது, அவ்வளவு பாசம்" என்று பெருமைப்படுகிறார். எதைக்கொண்டு போகும்?

1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இந்திய நாட்டுப் பறவைகளின் வியாபாரம் 1990-91-லேயே தடை செய்யப்பட்டுவிட்டது. பச்சைக்கிளியைப் பிடிப்பது குற்றம், விற்பது குற்றம், கூண்டில் வைப்பதும் குற்றம். கடையில் விற்கும் வெளிநாட்டு லவ் பேர்ட்ஸ் கதை வேறு. பச்சைக்கிளிக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆயினும், "ஒரே ஒரு கிளிதானே" என்கிறார்கள்.

2024 ஏப்ரலில் புதுவைக்குப் பக்கத்துக் கடலூரில் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். மக்களவைத் தேர்தல் நேரம். பா.ம.க. வேட்பாளரான திரைப்பட இயக்குநர் தங்கர் பச்சான் ஒரு கிளி ஜோசியரிடம் உட்கார்ந்தார். கிளி சீட்டை எடுத்தது. "வெற்றி நிச்சயம்" என்றார் ஜோசியர். அந்தப் படம் ஊரெங்கும் பரவியது. உடனே வனத்துறையினர் வந்து கிளிகளைக் கைப்பற்றினார்கள். பிடிக்கப்பட்ட ஜோசியர் எச்சரித்து அனுப்பப்பட்டார். அரசியல் பழிவாங்கல் என்று ஒரு கூச்சல். சட்டம் தன் கடமையைச் செய்தது என்று எதிர்க்கூச்சல். நடுவிலே கிளியின் பாட்டைக் கேட்பார் இல்லை.

தேர்தல் முடிவு வந்தது. வென்றவர் காங்கிரஸ் வேட்பாளர் விஷ்ணு பிரசாத்! கிளியைக் குற்றம் சொல்ல முடியாது. அது நெல்லுக்குத்தான் சீட்டு எடுத்தது.

ஜோசியரை மட்டும் பிடித்துப் பயனில்லை என்பதற்கு அந்தச் சம்பவமே சாட்சி. அவர் ஏழை, அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் சாப்பிடுகிறவர். அவர் முன்னே உட்கார்ந்து காசு கொடுப்பவர்கள் படித்தவர்கள், வசதியானவர்கள். குழந்தை அழுகிறது என்று கிளிக்குஞ்சு வாங்கித் தருகிறவர்களும் அப்படித்தான். அவர்களை யாரும் எச்சரிப்பதில்லை. தண்டனை முழுவதும் ஏழைக்கும் கிளிக்கும் போய்ச் சேருகிறது. அந்தத் தொழிலை விட்டு வருகிறவருக்கு வேறு பிழைப்புக்கு வழி காட்டவும் அரசாங்கம் முன்வர வேண்டும். கிளியைப் பறித்துக்கொண்டு போனால் மட்டும் போதாது.

வீட்டில் கிளி வைத்திருப்பவர் இதைப் படித்துவிட்டு, இன்றைக்கே கூண்டைத் திறந்து விடலாம் என்று நினைக்கக்கூடும். கூடாது! இறக்கை வெட்டுப்பட்ட கிளியைத் தோட்டத்தில் விட்டால் அடுத்த சுவர்வரைகூடப் பறக்காது. மாலைக்குள் பூனை தூக்கிவிடும். கூண்டோடு வனத்துறையிடம் கொடுக்க வேண்டும். அங்கேயும் அது மறுநாளே பறந்துவிடாது. கட்டை இறகு ஒவ்வொன்றாக உதிர்ந்து, புதியது ஒவ்வொன்றாக முளைத்து, பெரிய கூண்டுக்குள் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் பறந்து பழக வேண்டும். அதற்குப் பல மாதம் ஆகும். மதில்மேல் வந்த மொட்டை மைனாவுக்கு அதற்குள் தலை கறுத்து, ஒரு ஈட்டுக் குஞ்சும் பறந்திருக்கும்.